தழும்போடு எழுந்தவர்



‘உயிர்த்தெழுதல் நம்பிக்கையும் வாழ்வின் மாற்றமும்’ என்ற தலைப்பில் பேசும்படி அறக்கட்டளைக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்குப் பொருத்தமான தலைப்பு. கல்லூரி அரங்கில் கொஞ்சம் சங்கடமானது. இங்கே கிறிஸ்தவர் அல்லாதவர்களும் நிறைய இருக்கிறீர்கள். அதனால் இயேசு உயிர்த்தெழுந்தார் என்று நிறுவுவதற்காக நான் வாதாடப் போவதில்லை. அப்படி நம்பியவர்களை அந்த நம்பிக்கை என்ன செய்தது என்பதைச் சில பழைய ஏடுகளை வைத்தும், நம் வேலூரை வைத்தும் சொல்லப் பார்க்கிறேன். நானும் நம்புகிறவன்தான். அதை ஒளித்துவைத்துப் பேச எனக்கு வராது.

மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்கலாம். நான்கில் முதலில் எழுதப்பட்டது அதுதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் சுவடி, சீனாய்ச் சுவடி இரண்டிலும் அது 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. வாசனைத் திரவியங்களோடு கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கி ஓடினார்கள்; பயத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். இன்று நம் கையிலுள்ள வேதாகமத்தில் தொடர்ந்து வரும் 12 வசனங்கள் அந்தச் சுவடிகளில் இல்லை. லூக்காவோ, அந்தப் பெண்கள் வந்து சொன்னது அப்போஸ்தலருக்கு வீண்பேச்சாகப் பட்டது என்று எழுதுகிறார். யோவானில் மகதலேனா மரியாள் உயிர்த்தெழுந்த இயேசுவைத் தோட்டக்காரர் என்றே நினைத்துவிடுகிறாள். உலகத்துக்குச் செய்தி கொண்டுபோக வேண்டியவர்களின் முதல் நாள் நிலவரம் இது: பயம், சந்தேகம், ஆள் அடையாளம் தெரியாமை.

பேதுருவின் கதை எல்லாரும் அறிந்தது. தலைமை ஆசாரியன் வீட்டு முற்றத்தில், குளிருக்காக மூட்டிய கரிநெருப்பருகே நின்று, அந்த மனிதனைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த இயேசு அவரைத் திபேரியா கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பருகே சந்திக்கிறார். மீனும் அப்பமும் கொடுத்துச் சாப்பிட வைத்த பிறகு, தம்மேல் அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்கிறார். மறுதலித்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் அதே நெருப்பு, அதே எண்ணிக்கை. மூன்றாம் முறை கேட்டபோது பேதுருவுக்கு வலித்தது என்று யோவான் மறக்காமல் எழுதுகிறார். மந்தையை மேய்க்கும் பொறுப்பு அந்த வலி வந்த இடத்தில்தான் அவர் கைக்கு வருகிறது.

யாக்கோபைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். இயேசுவின் சகோதரர் என்று அறியப்பட்டவர். இயேசு உயிரோடிருந்த நாளில் அவருடைய சகோதரர் அவரை நம்பவில்லை என்று யோவான் வெளிப்படையாகவே சொல்கிறார்; அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உறவினர் பிடித்துக்கொண்டுபோக வந்ததை மாற்கு எழுதுகிறார். கூடப் பிறந்தவர்களை நம்பவைப்பது எவ்வளவு கடினம் என்பது குடும்பஸ்தர் எவருக்கும் தெரியும். அப்படிப்பட்ட யாக்கோபு சில ஆண்டுகளில் எருசலேம் சபையின் தலைவராக இருக்கிறார். கி.பி. 62இல் தலைமை ஆசாரியன் அன்னா அவரைக் கல்லெறிந்து கொல்லக் கொடுத்தான். இதை எழுதிவைத்தவர் கிறிஸ்தவர் அல்லாத யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். இடையில் என்ன நடந்தது? நான்கு சுவிசேஷங்களில் எதுவும் கதையாகச் சொல்லவில்லை. பவுல் மட்டும், உயிர்த்தெழுந்தவர் யாக்கோபுக்குத் தரிசனமானார் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறார்.

பவுல் அதைச் சொல்வது கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில். எபேசுவில் இருந்தபடி, ஏறத்தாழ கி.பி. 55இல் எழுதியது. பேதுரு, பன்னிருவர், 500க்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபு என்று பட்டியல் போட்டுக் கடைசியில் தம் பெயரையும் சேர்க்கிறார். சேர்த்த கையோடு, சபையைத் துன்பப்படுத்தியவன் நான், அப்போஸ்தலன் என்று பேர்பெறத் தகுதியில்லாதவன் என்கிறார். பதவிக்கு விண்ணப்பம் போடுகிறவர் யாரும் இப்படி எழுதமாட்டார். அந்த அதிகாரம் மேலே மேலே ஏறி, எக்காளம் முழங்க, மரணம் விழுங்கப்பட்டது என்ற உச்சிக்குப் போகிறது. அது முடிந்ததும் அடுத்த வரி என்ன தெரியுமா? நன்கொடை வசூல். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் வருமானத்துக்குத் தக்கபடி ஒரு தொகையை எடுத்துவையுங்கள், எருசலேமுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். அங்கிருந்த ஏழைகளுக்கான பணம் அது. அதிகாரப் பிரிப்பெல்லாம் 13ஆம் நூற்றாண்டில் வந்தது. பவுலின் கடிதத்தில் எக்காளத்துக்கும் காணிக்கைக்கும் நடுவே ஒரு வெற்றுவரிகூட இல்லை. ஈஸ்டர் அன்று 15ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு அங்கேயே மூடிவிடுகிறோம். அது நமக்கு வசதியாகவும் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணிக் காயம் இருந்தது. சாவையே வென்று வந்த உடம்புக்கு அந்தக் காயத்தை மறையச் செய்வது பெரிய காரியமாக இருந்திருக்காது. ஆனால் தோமாவுக்கு அவர் காட்டியது அதைத்தான். அடையாளம் தெரிந்ததும் அதை வைத்துத்தான். இந்த நம்பிக்கை ஒருவரை மாற்றும்போது, நேற்றைய மனிதரை அழித்துவிட்டுப் புது ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதில்லை. தோற்ற மனிதர் தம் தோல்வியோடேயே எழுப்பப்படுகிறார். அவருடைய சாட்சிக்கு ஆதாரமும் அந்தத் தோல்வியில்தான் இருக்கிறது.

அலெக்சாந்திரியாவுக்குப் போவோம். மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அங்கே ஆயர் தியோனீசியு, இறையியலாளர் ஓரிகனிடம் படித்தவர். கி.பி. 250இல் ரோமப் பேரரசர் தேசியுவின் ஆணைப்படி எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, பலியிட்டேன் என்று அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சான்றிதழ்களில் 40க்கும் மேற்பட்டவை எகிப்தில் பாப்பிரசுத் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் பலரும் போய்ப் பலியிட்டார்கள். சிலர் முகம் வெளிறி, தாங்களே பலிப்பொருள் போல நடுங்கிக்கொண்டு வந்ததையும், கூட்டம் பார்த்துச் சிரித்ததையும் தியோனீசியு எழுதுகிறார். வேறு சிலர் துணிச்சலாக ஓடிவந்து, நாங்கள் என்றைக்குமே கிறிஸ்தவர்களாக இருந்ததில்லை என்றார்களாம். உயிர்த்தெழுதலை நம்பியவர்கள்தான் இவர்களும்.

ஆயரின் கதை இன்னும் வேடிக்கை. அவரைத் தேடி அனுப்பப்பட்ட அதிகாரி, ஊரெல்லாம் நான்கு நாள் தேடினான். வீட்டில் மட்டும் தேடவில்லை. அங்கேதான் இருப்பார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பிறகு ஆயர் புறப்பட்டுப் போக, வழியில் சிப்பாய்களிடம் சிக்கினார். செய்தி அறிந்து பதறி ஓடிய தோழர் ஒருவர், வழியில் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கிராமத்தாரிடம் சொல்ல, அவர் பந்தியில் போய்ச் சொல்ல, கல்யாண வீட்டார் அத்தனை பேரும் எழுந்து கூச்சலிட்டபடி ஓடிவந்தார்கள். சிப்பாய்கள் ஓட்டம் பிடித்தார்கள். வெறும் கட்டிலில் படுத்திருந்த ஆயர், வந்தவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று எண்ணி, உடுத்தியிருந்தது போக மிச்சத் துணியை எடுத்து நீட்டினார். விஷயம் புரிந்ததும், என்னை விட்டுவிடுங்கள், இல்லை நீங்களே தலையை வெட்டிவிடுங்கள் என்று கெஞ்சினார். அவர்கள் கேட்கவில்லை. கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்ச் சேணமில்லாத கழுதைமேல் ஏற்றிவிட்டார்கள். இத்தனையும் அவரே எழுதியது. தப்பி ஓடியவர் என்று இன்னொரு ஆயர் அவரைப் பழித்தார். அதற்குப் பதில் எழுதும்போதுதான் இதைச் சொல்கிறார். தம்மை வீரனாக்கிக் காட்ட எல்லா வாய்ப்பும் இருந்தும், கழுதைக் காட்சியை அவர் விட்டுவிடவில்லை.

பலியிட்டவர்களை மறுபடி சேர்த்துக்கொள்ளலாமா என்ற கேள்வியில் அன்றைய திருச்சபை இரண்டுபட்டது. ரோமாபுரியில் நோவத்தியன் என்ற குரு, கூடவே கூடாது என்றார். தியோனீசியு மறுபக்கம் நின்றார். அந்தியோகியா ஆயருக்கு அவர் எழுதிய கடிதத்தில் செராபியோன் என்ற முதியவரின் கதை வருகிறது. வாழ்நாளெல்லாம் பழுதின்றி வாழ்ந்து, சோதனை வந்தபோது பலியிட்டுவிட்டவர். மன்னிக்கும்படி எத்தனையோ முறை கேட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. நோயில் விழுந்து, மூன்று நாள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்து, நான்காம் நாள் சற்றே தெளிந்து, மகள் வயிற்றுப் பேரனை அழைத்துக் குருவைக் கூட்டிவரச் சொன்னார். இரவு நேரம், குருவுக்கும் உடல்நலமில்லை. சாகும் நிலையில் கேட்பவர்களுக்கு மன்னிப்பு மறுக்கக் கூடாது என்று ஆயர் முன்பே சொல்லியிருந்தார். ஆகவே குரு நற்கருணை அப்பத்தில் ஒரு சிறு துண்டைப் பையனிடம் கொடுத்து, தண்ணீரில் நனைத்துத் தாத்தா வாயில் விடு என்றார். பையன் அப்படியே செய்தான். கிழவர் விழுங்கினார், உயிர் பிரிந்தது. இவர் எந்த மேடையிலும் சாட்சி சொன்னவர் அல்லர், யாரையும் மாற்றியவரும் அல்லர். ஆயினும் தம் வழக்குக்கு வலுச் சேர்க்க ஆயர் தேடி எடுத்த சாட்சி இவர்தான்.

அதே நகரத்துக்குப் பின்னர் கொள்ளைநோய் வந்தது. உள்நாட்டுப் போரும் கூடவே. பிணமில்லாத வீடு இல்லை. அந்தச் சூழலில் தியோனீசியு எழுதிய பாஸ்கா கடிதத்தின் ஒரு பகுதியை யூசேபியஸ் தமது திருச்சபை வரலாற்றின் 7ஆம் புத்தகத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறார். நகரமே அழும்போது இது எங்களுக்குத் திருவிழா என்று தொடங்குகிற துணிச்சலான கடிதம். சபையாரில் நல்லவர்கள், குருக்களும் திருத்தொண்டர்களும் பொதுமக்களும், தங்களைப் பற்றிய கவலையின்றி நோயாளிகளோடு இருந்தார்கள்; பிறர் நோயைத் தங்கள்மேல் வாங்கிக்கொண்டு இறந்தார்கள். இறந்தவர்களை மடியில் தாங்கினார்கள், கண்ணையும் வாயையும் மூடினார்கள், தோளில் சுமந்தார்கள், கழுவி உடுத்தினார்கள். சில நாளில் அவர்களுக்கும் அதையே மற்றவர்கள் செய்ய வேண்டியதாயிற்று. இந்தச் சாவு ரத்தசாட்சியின் சாவுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை என்கிறார் ஆயர்.

இந்த மதிப்பீட்டில் ஒரு நுட்பம் உண்டு. சிங்கத்தின் முன் நிற்கிறவருக்குக் கூட்டம் சாட்சி; அவர் பேர் நிற்கும். நோயாளியின் மலத்தைத் துடைத்துவிட்டு அதே நோயில் சாகிறவரை யார் பார்த்தார்கள்? அந்தக் கடிதத்தில் ஒரு பெயரும் இல்லை. அவர்களில் சிலர் முன்பு நடுங்கிக்கொண்டே போய்ச் சான்றிதழ் வாங்கியவர்களாக இருந்திருக்கவும் கூடும். அப்படி இருந்தார்கள் என்று கடிதம் சொல்லவில்லை. ஊர் ஒன்று, சபை ஒன்று என்பதால் எனக்கு எழும் ஊகம் மட்டுமே.

இன்னொன்று, அவர்கள் பிணத்தைத் தொட்டது. ஆன்மா மட்டும் அழியாதது என்று நம்புகிறவருக்கு உடம்பு கழற்றிப் போட்ட சட்டை. உடம்பே எழும் என்று நம்புகிறவர் அதைத் தெருவில் எறிய மாட்டார். ஆயர் தம் தரப்பை உயர்த்திச் சொல்கிறார் என்பதில் ஐயமில்லை; மற்ற மதத்தார் நோயாளிகளைக் குற்றுயிராய்த் தெருவில் தள்ளினார்கள் என்று ஒட்டுமொத்தமாக எழுதுவதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். ஆனால் ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, கிறிஸ்தவத்தைக் கைவிட்டு அதை ஒடுக்க முனைந்த பேரரசர் ஜூலியன், கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், அந்நியர்மீது காட்டும் பரிவும் இறந்தவர்களை அடக்கம் செய்வதில் காட்டும் அக்கறையும்தான் இந்த மதத்தை வளர்த்திருக்கின்றன என்று எரிச்சலோடு ஒப்புக்கொள்கிறார். பகைவரின் சான்று என்பதால் அதற்கு எடை அதிகம்.

இதே அலெக்சாந்திரியாவில் நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியு ‘வார்த்தை மனுவானது’ பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அந்நகரின் ஆயராக ஐந்து முறை நாடுகடத்தப்பட்டவர். உயிர்த்தெழுதலுக்கு அவர் தரும் ஆதாரம் வெற்றுக் கல்லறை அன்று. பெண்களும் சிறுவர்களும்கூட மரணத்துக்கு அஞ்சாமல் இருப்பதைப் பாருங்கள் என்கிறார். செத்தவர் செயல்பட முடியாது; அப்படியிருக்க, விபசாரக்காரன் அதை விடுகிறானே, கொலைகாரன் கத்தியைக் கீழே போடுகிறானே, இதைச் செய்கிறவர் எப்படிச் செத்தவராக இருக்க முடியும் என்று கேட்கிறார்.

இந்த வாதத்தின் முதல் பாதி எனக்கு நிறைவளிக்கவில்லை. அஞ்சாமல் சாகிறவர்கள் எல்லா நம்பிக்கையிலும் இருக்கிறார்கள். கடவுளே இல்லை என்றவர்களும் சிரித்துக்கொண்டே தூக்குமேடை ஏறியிருக்கிறார்கள். சாகத் துணிவது ஒருவரின் நேர்மையைக் காட்டும்; அவர் நம்பியது உண்மை என்று காட்டாது. இரண்டாம் பாதியிலும் ஓட்டை உண்டு. மனம் திருந்துவது கிறிஸ்தவர்களின் தனிச்சொத்தாக ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் அத்தனாசியுவிடம் ஒன்று பிடித்திருக்கிறது. உயிர்த்தெழுதலுக்கு ஆதாரம் கேட்டால் அவர் மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய கல்லறையைக் காட்டாமல் பக்கத்துத் தெருவைக் காட்டுகிறார். பக்கத்துத் தெருவைக் காட்ட முடியாத நாளில் அந்த வாதம் செத்துப்போகும். அதை அறிந்தேதான் அந்த ஆபத்தை ஏற்றிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்துத் தெரு எப்படி இருக்கிறது? கன்வென்ஷன் மேடைகளில் சாட்சி சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். குடித்தேன், அடித்தேன், ஊரை ஏய்த்தேன், ஆண்டவர் தொட்டார், இப்போது எல்லாம் நலம். கைதட்டல். சொல்கிறவரின் நேர்மையை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்தக் கதையில் பழைய மனிதர் யாரோ ஓர் அந்நியர் போல வந்துபோகிறார். அடிபட்ட மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஏமாந்தவர்களுக்குப் பணம் திரும்பியதா என்று யாரும் கேட்பதில்லை. தழும்பில்லாத சாட்சி இது. பேதுருவை இன்னொரு கரிநெருப்பருகே உட்காரவைத்தது போல, யாராவது இவர்களைப் பழைய இடத்துக்கே கூட்டிப்போய் உட்காரவைக்க வேண்டும்.

இதைவிடக் கொடியது ஒன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. சரீரம் உயிர்த்தெழும் என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடும் நம் சபைகள், சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஒரே தோட்டத்துக்குள் குறுக்கே சுவர் எழுப்பிய ஊரும் உண்டு. எக்காளம் முழங்கும் நாளில் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எழுகிறவர்களும் அந்தப் பக்கம் எழுகிறவர்களும் என்ன செய்வார்கள் என்று கட்டியவர்கள் யோசித்திருக்க வேண்டும். அலெக்சாந்திரியாவில் தோளில் பிணம் சுமந்தவர்கள் நம்பிய அதே கோட்பாட்டைத்தான் இவர்களும் நம்புவதாகச் சொல்கிறார்கள்.

வேலூருக்கு வருகிறேன். பால் பிராண்ட் 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். தந்தை ஜெஸ்ஸி அந்த மலையிலேயே 1929இல் காய்ச்சலில் இறந்தார். தாய் ஈவ்லின், முதுமையில் மிஷனெரி சங்கத்தார் ஓய்வு கொடுத்த பின்னும் மலைக்குத் திரும்பி ஊழியம் செய்து, 1974இல் 95 வயதில் மறைந்தார். மகன் லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் தொழுநோய் மருத்துவமனை நடத்திவந்த ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப்போன இடத்தில், விரல் மடங்கி நகம்போல் வளைந்த கைகளைக் கண்டார். எலும்பு மருத்துவர் யாரும் இதைத் தொட்டதில்லையா என்று கேட்டார். இல்லை என்பதே பதில். அந்தக் கைகளில் சில தசைகள் இன்னும் வலுவோடு இருப்பதை அறிந்து, உயிருள்ள தசைநாரை இடம் மாற்றி விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை வேலூரில் வளர்த்தெடுத்தார். விரல்கள் அழுகி உதிர்வதில்லை, வலி உணர்வு செத்துப்போவதால்தான் காயம்பட்டுத் தேய்கின்றன என்று காட்டியதும் அவர் குழுதான்.

ஒருமுறை நோயாளிகளின் வழிபாட்டில் திடீரென்று அவரைப் பேசச் சொன்னார்கள். முன்தயாரிப்பு எதுவும் இல்லை. எதிரே இருந்தவர்களில் பலர் தங்கள் கைகளை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் இயேசுவின் கைகளைப் பற்றிப் பேசினார். குழந்தையின் கை, தச்சரின் காய்த்துப்போன கை, நோயாளியைத் தொட்ட கை. ஆணி நரம்பை ஊடுருவியதும் விரல் சுருண்டிருக்குமே, அந்தக் கை. கடைசியாக, உயிர்த்தெழுந்த பின்னும் தழும்பை வைத்துக்கொண்ட கை. பேசி முடித்தபோது, மறைத்திருந்தவர்கள் தங்கள் கைகளை வெளியே எடுத்து உயர்த்திக் கும்பிட்டார்கள் என்று பிராண்ட் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

கதையை இங்கே முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் அது முடியவில்லை. விரல் நிமிர்ந்து ஊருக்குப் போன சிலர் திரும்பிவந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். கை வளைந்திருந்தபோது பிச்சை விழுந்தது, இப்போது விழுவதில்லை, தழும்பைக் கண்டு வேலைக்கும் எடுப்பதில்லை, இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார்கள். நியாயமான கேள்வி. பிராண்டும் கூட இருந்தவர்களும் நவஜீவ நிலையத்தைத் தொடங்கி மரவேலை கற்றுக்கொடுத்தார்கள். உணர்வில்லாத கைக்குச் சுத்தியலின் பிடி எவ்வளவு தடிமனாக இருந்தால் காயம் வராது, எந்தக் கருவியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கற்க வேண்டியிருந்தது. அதற்கெல்லாம் பணம் வேண்டியிருந்தது. ஆகவே, கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தை வாசிக்கிற ஈஸ்டர் நாளில், 16ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களையும் சேர்த்து வாசிக்கும்படி இங்குள்ள போதகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காணிக்கைத் தட்டு அதற்குப் பிறகு சுற்றிவரட்டும்.